வெங்காயக் கலர்னா எந்தக் கலர்?

இணையத்துல சேலை, துணி விக்கிற எந்தப் பக்கத்துக்குப் போனாலும் கீழே பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும். "படத்தில் காணும் நிறம் உண்மையான நிறத்திலிருந்து சற்று மாறுபடலாம்." இந்த ஒத்தை வரி மேல எனக்கு ரொம்ப நாளா கோபம் மக்களே. இதைப் பாத்தா எச்சரிக்கை மாதிரி தெரியும். உண்மையில கை கழுவுற வேலை. நிறத்தைச் சரியா எடுக்க வேண்டியவன் எடுக்கல, அதனால வர்ற நஷ்டத்தை வாங்குறவங்களும் நெய்யிறவங்களும் பாத்துக்கங்கன்னு சொல்றான். அவ்ளோதான்.

"சற்று" மாறினா பரவாயில்லை. மாறவே கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா அரக்குக் கலர் செங்கல் கலரா வந்து நிக்கிறதுக்குப் பேரு சற்று இல்லை. அதுல பெரும்பகுதியைத் தடுக்க முடியும், அதுக்கு லட்ச ரூபாய் கருவி தேவையில்லைங்கிறதுதான் இந்தப் பதிவோட கட்சி.

நம்ம ஊர் உதாரணத்துல இருந்தே ஆரம்பிப்போம். பெரம்பலூர்னா சின்ன வெங்காயம். தமிழ்நாட்டுல சின்ன வெங்காயம் அதிகம் விளையுற மாவட்டங்கள்ல நாங்கதான் முன்னணி, செட்டிகுளம் பக்கம் போனா பட்டறை பட்டறையா பாக்கலாம். அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டத்துல ஜெயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல்னு பட்டு நெசவு. இந்த ரெண்டையும் சேக்குற ஒரு வார்த்தை இருக்கு, "வெங்காயக் கலர்". சேலைக் கடையில இந்தப் பேரைச் சொன்னா எடுத்துப் போடுவாங்க. அழகான பேரு. ஆனா ஒரு வெங்காயத்தைக் கையில எடுத்துப் பாருங்க. காஞ்ச மேல்தோல் செம்பு கலந்த பழுப்பு. அதை உரிச்சா உள்ள இருக்கிற தோல் கத்தரிப்பூ கலந்த ரோஸ். அதையும் உரிச்சா வெள்ளைக்குப் பக்கத்துல ஒரு வெளிறின ரோஸ். பேரு ஒண்ணு, நிறம் மூணு.

அப்ப வெங்காய மூட்டைக்கு லேபிள் டிசைன் பண்றவரோ, சேலைக்குப் படம் போடுறவரோ என்ன பண்றாங்க? போட்டோ எடுக்குறாங்க, போட்டோஷாப்லயோ ஜிம்ப்லயோ திறக்குறாங்க, அந்த மருந்துச் சொட்டு விடுற குழாய் மாதிரி ஒரு கருவி இருக்குமே ஐட்ராப்பர், அதை வச்சு ஒரு புள்ளியைத் தொடுறாங்க. மூணு எண் வருது. "இதுதான் வெங்காயக் கலர்" னு எழுதி வச்சுக்குறாங்க. கம்ப்யூட்டர் சொன்ன எண்ணாச்சே, தப்பா இருக்குமா?

இருக்கும். ஒரே வெங்காயப் படத்துல பக்கத்துப் பக்கத்துல நாலு இடத்துல தொட்டுப் பாருங்க, நாலு விதமா வரும். மினுமினுப்பு விழுந்த இடம் ஒண்ணு, வளைஞ்சு நிழல் விழுந்த இடம் ஒண்ணு. அதைக்கூட விடுங்க. அந்த எண்ணுல வெங்காயம் மட்டும் இல்லை. மூணு பேர் சேர்ந்து போட்ட கூட்டுக் கணக்கு அது. வெங்காயம், அதுமேல விழுந்த வெளிச்சம், "வெள்ளைன்னா இதுவாத்தான் இருக்கணும்" னு கேமரா அடிச்ச ஊகம். இதுல நமக்கு வேண்டியது முதல் ஆள் மட்டும்தான். மீதி ரெண்டு பேரைக் கழிக்காம எண்ணை எடுத்தா, நீங்க எடுத்தது உங்க வீட்டு டியூப் லைட்டோட நிறம்.

2015 பிப்ரவரியில உலகமே ஒரு டிரெஸ் போட்டோவை வச்சுச் சண்டை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நீலம்-கருப்புன்னு ஒரு கோஷ்டி, வெள்ளை-தங்கம்னு ஒரு கோஷ்டி. நிஜத்துல அந்த உடை நீலமும் கருப்பும். படத்துல வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு தெரியாததால ஒவ்வொருத்தர் மூளையும் ஒரு வெளிச்சத்தை ஊகிச்சுக் கழிச்சுக்கிச்சு. ஊகம் மாறினா நிறம் மாறிடுச்சு. கேமராவும் ஒவ்வொரு படத்துலயும் அதைத்தான் பண்ணுது. நமக்குத்தான் தெரியறதில்லை.

இந்த விஷயத்துல பெரிய நிபுணர்கள் யாருன்னு கேட்டா, டிசைன் படிச்சவங்களைச் சொல்ல மாட்டேன். நம்ம வீட்டு அம்மா, அக்கா, அத்தைகளைத்தான் சொல்வேன். சேலைக் கடையில உள்ள எவ்ளோ விளக்கு எரிஞ்சாலும், "கொஞ்சம் வெளில கொண்டு வாங்க, வெளிச்சத்துல பாக்கணும்" னு சொல்லி வாசல்படிக்கே சேலையைத் தூக்கிட்டுப் போவாங்க. கடைக்காரரும் முகம் சுளிக்காம வருவாரு, அவருக்கும் காரணம் தெரியும். அடுத்து ரவிக்கைத் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போறப்ப போனுல போட்டோ எடுத்துட்டா போறாங்க? சேலையையே பையில போட்டு எடுத்துட்டுப் போறாங்க. துணிக்குப் பக்கத்துல துணியை வச்சு, ரெண்டையும் ஒரே வெளிச்சத்துல பாக்குறாங்க. நிறம் பொருத்துறதுல உள்ள மொத்தச் சூத்திரமும் இதுதாங்க. பொருளும், தெரிஞ்ச ஒரு அளவுகோலும், ஒரே வெளிச்சத்துல, பக்கத்துப் பக்கத்துல.

கடைக்குள்ள ஒண்ணா தெரிஞ்ச ரெண்டு துணி வெயில்ல வேற வேறயா தெரியறது மனப்பிரமை இல்லை. ரெண்டு சாயம் ஒரு வெளிச்சத்துல ஒரே மாதிரியும் இன்னொண்ணுல வேற மாதிரியும் தெரியும். இதுக்கு மெட்டாமெரிசம்னு பேரு. அதுலயும் இப்ப வர்ற மலிவான எல்இடி விளக்குகள்ல அடர் சிவப்புப் பகுதி பலவீனம். நிறம் காட்டும் தரம்னு பெட்டி மேல சிஆர்ஐ 80 ன்னு போட்டிருப்பாங்க. அந்தக் கணக்கு எட்டு வெளிர் நிறங்களை வச்சுப் போட்ட சராசரி. அடர் சிவப்புக்கு ஆர்9 னு தனி மதிப்பெண் இருக்கு, அது அந்தச் சராசரியில சேராது. அதனால 80 வாங்கின விளக்கு சிவப்புல கோட்டை விட்டிருக்கும். நம்ம அரக்குச் சேலை அந்த விளக்குல பழுப்படிச்சு நிக்கிற காரணம் இதுதான்.

இதுல யாருக்கு என்ன போச்சுன்னு கேக்கலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா ஜெயங்கொண்டம் பக்கம் இருக்காங்க. வீட்டுல தறி, விக்கிறது வாட்ஸ்அப்புல. போன வருஷம் பேசிட்டு இருந்தப்ப சொன்னாங்க, "தம்பி, நான் அரக்குன்னுதான் போட்டேன். அவங்க செங்கல் கலர்னு நெனச்சு வாங்கிட்டு, வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கூரியர் காசு ரெண்டு பக்கமும் என் தலையில."

"படம் எங்கக்கா எடுத்தீங்க?"

"கூடத்துலதான். ராத்திரி வேலை முடிஞ்ச பெறகு."

நாள் கணக்கா உக்காந்து நெஞ்ச சேலை. நெசவுல குறை இல்லை, சாயத்துல குறை இல்லை. படத்துல மட்டும்தான் குறை. பெரிய கம்பெனிக்குத் திரும்பி வர்ற சரக்கு ஒரு கணக்குத் தலைப்பு. தறிக்காரங்களுக்கு அது அந்த மாசச் செலவு. அதனாலதான் சொல்றேன், நிறத்தைச் சரியா எடுக்கிறதை டிசைனருங்களோட நுணுக்கப் பைத்தியம்னு ஒதுக்கிட முடியாது. இது நேர்மை சம்பந்தப்பட்டது.

சரி, புலம்பல் போதும். என்ன பண்ணணும்? அந்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்ததை இங்கயும் போடுறேன்.

1. வெளிச்சம். பகல்ல, காலை பத்துல இருந்து மாலை நாலுக்குள்ள, நேர் வெயில் படாத வாசல் நிழல்ல எடுங்க. மர நிழல் வேண்டாம், இலை வழியா வர்ற வெளிச்சத்துல பச்சை கலந்திருக்கும். பக்கத்துல பச்சைச் சுவரோ சிவப்பு சிமெண்ட் தரையோ இருந்தா துணி மேல அது அடிக்கும், ஒரு சாம்பல் நிறப் போர்வையை விரிச்சுக்கங்க. டியூப் லைட்டை அணைச்சுடுங்க. ரெண்டு விதமான வெளிச்சம் கலந்தா அப்புறம் பிரம்மாவாலயும் பிரிக்க முடியாது.

2. சாம்பல் அட்டை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மேல விழுற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புற மாதிரி செஞ்சிருப்பாங்க. முதல் படத்துல இதைத் துணியோட சேத்து வச்சு எடுங்க. வெள்ளைக் காகிதம் போதாதான்னு கேப்பீங்க. போதாது. ஏ4 காகிதத்துல வெண்மை கூட்டுற ரசாயனம் போட்டிருப்பாங்க, பகல் வெளிச்சத்துல அது லேசா நீலம் அடிக்கும். அதை வெள்ளைன்னு நம்பித் திருத்தினா படம் மஞ்சளடிக்கும்.

3. போன்ல புரோ மோடு இருந்தா வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்தான்) ஒரே இடத்துல நிறுத்திடுங்க. ஃபில்டர், அழகு கூட்டுற சமாச்சாரம், "ஏஐ" எல்லாத்தையும் அணைங்க. துணிக்கு எதுக்கு பியூட்டி மோடு?

4. படத்தைத் திறந்து சாம்பல் அட்டையைத் தொட்டுத் திருத்துங்க. சிவப்பு, பச்சை, நீலம் மூணு எண்ணும் சமமா வரணும். வெளிச்ச அளவும் சரின்னா ஒவ்வொண்ணும் 118 பக்கத்துல இருக்கும். அதே திருத்தத்தை அட்டை இல்லாத மத்த படங்களுக்கும் போடுங்க.

5. இப்ப ஐட்ராப்பரை எடுங்க. ஒத்தைப் புள்ளியைத் தொடாதீங்க. மினுமினுப்பும் இல்லாம மடிப்பு நிழலும் இல்லாம ஒரு சமமான பகுதியைப் பாத்து, அதோட சராசரியை எடுக்கிற மாதிரி கருவியை மாத்திக்கங்க. 31க்கு 31 புள்ளின்னு வசதி இருக்கு.

6. எஸ்ஆர்ஜிபி விவரத்தோட சேமிங்க. 1996-ல மைக்ரோசாப்டும் எச்பியும் சேர்ந்து முன்வச்சு, 1999-ல சர்வதேசத் தரமான நிற ஏற்பாடு இது. இணையம் இன்னிக்கும் இதை நம்பித்தான் ஓடுது. இந்த விவரம் இல்லாத படத்தை அகலமான நிற எல்லை உள்ள புது போன் சிலது கண்டபடி தூக்கிக் காட்டிடும்.

7. கடைசியா மேட்சிங் சென்டர் வேலை. துணியைத் திரைக்குப் பக்கத்துல பிடிச்சு, ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கு முன்னாடி போன்ல இரவு விளக்கு, கண் பாதுகாப்பு, பளிச் நிற மோடு எல்லாத்தையும் அணைச்சுட்டு "இயற்கை" மோடுக்கு மாத்திக்கங்க.

இவ்ளோதான். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும், பழகிட்டா பத்து நிமிஷம்.

"யப்பா, நீ என்னதான் சுத்தமா எடுத்தாலும் பாக்குறவங்க போன் வேற மாதிரி காட்டுமே, அப்புறம் எதுக்கு இந்த மெனக்கெடல்?" இந்தக் கேள்வி வரும், வரணும். பதில் இது. பாக்குறவங்க போன்ல குத்தம் இருந்தா அது எல்லாப் படத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவங்க கண்ணு அதுக்குப் பழகியிருக்கும். தன் போன்ல எல்லாமே கொஞ்சம் பளிச்சுன்னு தெரியும்னு அவங்களுக்கே தெரியும். நம்ம படத்துல இருக்கிற குத்தம் அவங்களால ஊகிக்க முடியாத குத்தம். நம்ம பங்கு சரியா இருந்தா ஒரு பிழை. இல்லைன்னா ரெண்டு பிழை ஒண்ணு மேல ஒண்ணு.

எல்லாத்தையும் படத்துல பிடிச்சுடலாம்னும் நான் சொல்லல. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம்னு நெஞ்ச சேலை இருக்கே, அதுக்கு ஒத்தை நிறமே கிடையாது, அசைச்சா மாறும். மயில் கழுத்துக் கலர்ல சில பகுதிகள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கே வெளியில. ஜரிகை உலோகம், அது நிறம் காட்டுறதை விட எதிர்ல இருக்கிறதைப் பிரதிபலிக்கிறதுதான் அதிகம். இந்த இடத்துல எண்ணை விட்டுட்டு வார்த்தைக்கு வந்துடணும். ரெண்டு கோணத்துல ரெண்டு படம், கீழே "நிழலில் பாக்கு நிறம், வெயிலில் சிவப்பு ஓடும்" னு ஒரு வரி. "நிறம் மாறுபடலாம்" னு எழுதுற அதே இடத்துல, எப்படி மாறும்னு எழுதுங்களேன். அதே நீளம்தானே!

பேரை மட்டும் நம்பவும் முடியாது. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா பேருல காஞ்சிபுரம் பட்டுல ஒரு நீலம் இருக்கு, "எம்.எஸ். புளூ". தேடிப் பாருங்க, அந்தப் பேருல கணக்கில்லாத நீலங்கள் வரும். பேரு நினைவைக் காப்பாத்தும், நிறத்தைக் காப்பாத்தாது. நூல் துண்டு ஒண்ணை நோட்டுல ஒட்டி, பக்கத்துல எண்ணும் எடுத்த வெளிச்சமும் எழுதி வச்சாதான் நிறம் நிக்கும்.

பக்கத்துல என்ன நிறம் இருக்குங்கிறதும் முக்கியம். 1824-ல ஷெவ்ருல்னு ஒரு வேதியியல்காரர் பாரிஸ் கோப்லான் நெசவுக்கூடத்துல சாயப் பிரிவுக்குப் பொறுப்பேத்தார். கருப்பு நூல் சரியில்லை, மங்கலா இருக்குன்னு புகார். சோதிச்சுப் பாத்தா சாயத்துல தப்பே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்துல வச்சதால கருப்பு மங்கித் தெரிஞ்சிருக்கு. 1839-ல இதையே பெரிய புத்தகமா எழுதினார். நம்ம ஆளுங்க சேலைப் படத்துக்குப் பின்னாடி பளீர் பச்சை, ராணி பிங்க்னு பின்னணி போடுறதைப் பாத்தா அந்த மனுஷன் என்ன சொல்வாரோ. சாம்பலோ, வெளிர் நிறமோ போடுங்க சாமி.

விக்கிற பொருளுக்கு மட்டும்தான் இதுன்னு நினைக்க வேண்டாம். நம்ம மண்ணுக்கும் இதே கதைதான். பெரம்பலூர் மாவட்டம் காரையில கிரெட்டேசியஸ் காலக் கடலடிக் களிமண் மேடுகள் இருக்கு, நடுநடுவுல ஜிப்சம். இப்ப ரீல்ஸ்ல வர்ற காரையைப் பாத்தா செவ்வாய் கிரகம் தோத்துப்போகும், அப்படி ஒரு ஆரஞ்சு. அழகுக்குப் போட்டுக்கட்டும், அது அவங்க உரிமை. ஆனா பாடப் படத்துக்கும், வரைபடத்துக்கும், மாவட்டத்தைப் பத்தின வலைத்தளத்துக்கும் அந்தப் படத்துல இருந்து "காரை மண் நிறம்" னு எண்ணை உருவுறாங்க பாருங்க, அங்கதான் தப்பு. மண்ணுக்கு நிறம்கிறது தகவல். இரும்பு காத்துல துருப்பிடிச்சா சிவப்பு, மஞ்சள். தண்ணி தேங்கிக் காத்துப் போகாம இருந்தா சாம்பல். ஃபில்டர் போட்டா அந்தத் தகவல் அழிஞ்சு போகுது.

மண் ஆராய்ச்சிக்காரங்க இதுக்கு என்ன பண்றாங்க தெரியுமா? கையில ஒரு புத்தகம் வச்சிருக்காங்க. ஆல்பர்ட் மன்செல்னு ஒரு அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905-ல எழுதின முறையில வந்தது. பக்கம் பக்கமா நிறச் சில்லுகள். மண் கட்டியைச் சில்லுக்குப் பக்கத்துல வச்சுப் பொருத்தி, "10 ஒய்ஆர் 3/1" ங்கிற மாதிரி குறிப்பாங்க. நிறக் குடும்பம், வெளிச்ச அளவு, அடர்த்தின்னு மூணு விவரம். அதோட, காஞ்ச மண்ணா ஈர மண்ணான்னும் எழுதுவாங்க. அரியலூர் கரிசலை ஒரு மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் பாத்தவங்களுக்கு அது ஏன்னு சொல்லத் தேவையில்லை. இதுவும் அதே மேட்சிங் சென்டர் முறைதான், கவனிச்சீங்களா?

நாட்டுக் கொடிக்கே இந்தக் கதி. ஐஎஸ் 1 னு கொடிக்கான இந்தியத் தரம் இருக்கு, 1968-ல திருத்தினது. அதுல காவிக்கு எக்ஸ் 0.538, ஒய் 0.360, வெளிச்ச அளவு 21.5 னு, எந்த வெளிச்சத்துல அளக்கணும்ங்கிறது உட்பட எழுதியிருக்காங்க. வெள்ளைத் துணியோட வெளிச்ச அளவே 72.6 தான். அதாவது காவி, வெள்ளையில சுமார் 30 சதவீதம். இணையத்துல பல வருஷமா சுத்துற காவி எண் 255, 153, 51. கணக்குப் போட்டா திரை வெள்ளையில சுமார் 44 சதவீதம் வருது. ஒன்றரை மடங்கு வெளுப்பு. யாரோ ஒருத்தர் எப்பவோ போட்ட எண்ணை எல்லாரும் நகல் எடுக்குறோம். அளந்து எழுதி வச்ச நிறத்துக்கே இப்படின்னா, அளக்காத வெங்காயக் கலரும் அரக்கும் என்ன பாடு படும்?

என் கருத்து இதுதான். அழகுக்கு நிறம் போடுறப்ப உங்க இஷ்டம், ஊதா வெங்காயம் வரைஞ்சாலும் ரசிப்பேன். ஆனா "இதுதான் அது" னு ஒரு பொருளைக் காட்டுறப்ப, அதோட நிறம் உங்களோடது இல்லை. அது சாயம் போட்டவங்களோடது, நெஞ்சவங்களோடது, மண்ணோடது. அதைக் கெடுக்காம கொண்டுபோய்ச் சேக்குறது படம் போடுறவன் வேலை. வேலையைப் பாத்த பிறகும் மிச்சம் இருக்கிற வித்தியாசத்துக்கு வேணும்னா அந்தப் பொடி எழுத்து வரியைப் போட்டுக்கலாம்.

வலைப்பதிவுல ஊர்ச் சந்தை, கோயில் திருவிழா, கைத்தறின்னு படம் போடுற நண்பர்கள் நிறைய பேர் இருக்கீங்க. கால் கிலோ சின்ன வெங்காயம் வாங்கி, மூணு தோலையும் வரிசையா வச்சு, ஒருவாட்டி ராத்திரி டியூப் லைட்லயும் ஒருவாட்டி பகல்ல வாசல்லயும் எடுத்துப் பாருங்க. ரெண்டு படத்துலயும் வந்த எண்ணைப் பின்னூட்டத்துல போடுங்க, ஒப்பிட்டுப் பாப்போம். சோதனை முடிஞ்சதும் சாம்பார் வச்சுடலாம், நஷ்டம் இல்லை :-)

டிஸ்கி: அட்டை விக்கிறவங்க யாரும் எனக்குக் காசு கொடுக்கல. கொடுத்தா நல்லாத்தான் இருக்கும்.